ராஜரத்தினத்தின் காலில் வீசிய கடற்காற்று

1987 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சத்திரப்பட்டி ராஜரத்தினத்தின் இடது காலில் சுற்றியிருந்த துணிக்குள்ளிருந்து கடற்காற்று வீசத் தொடங்கியது. பக்கத்தில் உள்ள கடலுக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அன்றைக்கு ராஜபாளையம் மார்க்கெட்டில் தக்காளி கிலோ இரண்டு ரூபாய்.

ராஜரத்தினம் பேண்டேஜ் துணி நெய்யும் ஷெட்டில் துணிப் பேல்களின் மேல் எழுத்து வெட்டிய தகரத் தகட்டை வைத்து, கறுப்பு மையால் 'காஸ்' (GAUZE) என்ற இங்கிலீஷ் சொல்லை அடிப்பவர். பதினாறு வருசமாக அடித்தும் அது என்ன சொல் என்று கேட்டதில்லை. முந்தின வருசம் பேல் தூக்கும் கொக்கி முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. பதினோரு மாதமாகியும் புண் மூடவில்லை. கிறிஸ்துமஸ் வரை பார்ப்போம், ஆறாவிட்டால் முழங்காலோடு எடுத்துவிடலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். ஊர் ஊருக்கு லாரியில் காஸ் துணி அனுப்பிய சத்திரப்பட்டியில், தன் காயத்துக்கு அதைக் கட்டுகிறவர் ஒருவரும் கிடையாது. நெய்கிறவன் வீட்டுக்குள் அந்தத் துணி வந்தால் காயமும் கூடவே குடிவந்துவிடும் என்று நம்பிக்கை. ஆகவே அவரும் பதினோரு மாதமாகப் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் கட்டிக்கொண்டிருந்தார். அதே ஷெட்டில் துணி மடிக்கும் அவர் மனைவி தங்கபாய்தான் பொறுக்கமாட்டாமல் இரண்டு மீட்டரைச் சேலைக்குள் இடுப்பில் சுற்றி, கேட் சோதனையைத் தாண்டிக் கொண்டுவந்தாள். பிடிபட்டிருந்தால் இரண்டு பேர் வேலையும் போயிருக்கும். கம்பவுண்டர் கொடுத்தார் என்று புருசனிடம் சொல்லி, அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கட்டிவிட்டாள்.

"ஏட்டி, ஃபேனப் போட்டியா?"

"கரண்டே இல்ல. எங்க போட?"

"பொறவு எப்படி கருவாட்டு வாசம் வருது?"

தங்கபாய் குனிந்து மோந்து பார்த்தாள். மறுநாளே அந்தக் காற்றில் வத்தல் காயப்போட்டாள். காற்று வாங்கத் தெருவே வந்து உட்கார்ந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர் காலேஜ் இங்கிலீஷ் வாத்தியார் சௌந்தரபாண்டியன். இரண்டாம் நாள் அவர் தலையணை பருமனில் ஓர் அகராதியோடு வந்து, விசயம் ஒன்றுமில்லை, இந்தக் 'காஸ்' என்ற சொல் காஸா என்கிற கடலோர ஊரிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி சொல்கிறது, அந்த ஊர்க் காற்றுதான் இது என்றார். தெரு தலையாட்டியது. இன்னொரு கட்சி, கச்சாப் பட்டுக்கு அரபியிலும் பாரசீகத்திலும் வழங்கிய சொல்லே மூலம் என்கிறது என்று அவர் வாசித்த வாரத்திலேயே கட்டின் ஓரத்திலிருந்து முப்பத்திரண்டு பட்டுப்பூச்சிகள் கிளம்பி டியூப் லைட்டில் உட்கார்ந்தன. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அர்த்தங்களையும் வாசிக்க ஆரம்பித்தார். மெல்லிய கம்பி வலை என்று வாசித்ததும், கதவைத் திறந்துபோட்டாலும் அந்த வீட்டுக்குள் ஓர் ஈ, ஒரு கொசு நுழையவில்லை. மெல்லிய மூடுபனி என்று வாசித்ததும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் மார்கழியில் நிற்கிற மாதிரி வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குப் பனி நின்றது.

"ஐயா சாமி, போதும், மூடி வையுங்க. அம்மி இருக்க இடம் தெரியாம தடவிக்கிட்டு அலையுதேன்" என்றாள் தங்கபாய்.

"கடைசி வரி ஒண்ணுதாம்மா பாக்கி. 'மூலம் உறுதியாகத் தெரியவில்லை.' அம்புட்டுத்தான்."

அதற்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

பனி மூன்று மாதம் கலையவில்லை. அதற்குள் இருந்த காலை ராஜரத்தினம்கூடப் பார்க்க முடியாது. தங்கபாய் கையால் தடவியே கட்டை அவிழ்த்து, அலசி, மறுபடி கட்டினாள். புண் எந்த மட்டில் இருக்கிறது என்று அவர் கேட்கும்போதெல்லாம், "இருக்கு, இருக்கு" என்பாள். டிசம்பர் இருபதாம் தேதி பனி கலைந்தது. மாந்தளிர் நிறத்தில் புதுத் தோல் மூடியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் ஒன்றும் செய்யவில்லை, நன்றியைத் துணிக்குச் சொல்லும் என்றார்.

ராஜரத்தினம் சொன்னால் சொன்னதைச் செய்கிற ஆள். துணிக்கு எங்கே சொல்வது என்று வாத்தியாரிடம் கேட்டு, மூன்று தபால் அட்டைகள் எழுதினார். முதலாவது காஸா போஸ்ட்மாஸ்டருக்கு. இரண்டாவது பாரசீகத்துப் பட்டுப்புழுக்களுக்கு. மூன்றாவது 'மூலம் தெரியாதவருக்கு.' பதினைந்து பைசா அட்டை கடல் தாண்டாது என்பது தபால்காரர் சங்கையாவுக்குத் தெரியும். ஆனாலும் மறுக்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். முதல் அட்டைக்கு 1991இல் ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு பிடி கடற்கரை மணல். இரண்டாவதற்குப் பதிலாகக் கொல்லையில் ஒரு மல்பெரிச் செடி முளைத்தது. மூன்றாவதைச் சங்கையா மறுநாள் காலை ஒன்பது மணிக்கே கொண்டுவந்து, அடுப்படியில் இருந்த தங்கபாய் கையில் கொடுத்துவிட்டார்.

"இது அவிய போட்ட அட்டைல்லா? எனக்கு எதுக்கு?"

"முப்பது வருசமாத் தபால் கொடுக்கேன், தாயி. உங்க சேலையில அடிக்கிற, நூல் பாவுக்குப் போடுற கஞ்சி வாசந்தான் அவிய கால்கட்டுலயும் இந்த அட்டையிலயும் அடிக்கி. கம்பவுண்டர் துணியில அது இருக்காது. கேட்டுல பிடிபடாதது என் மூக்குல பிடிபட்டுப் போச்சு. நான் யாருகிட்டயும் சொல்லலை, பயப்படாதீங்க."

அட்டையில் நான்கே வரிகள். 'ஐயா அல்லது அம்மா, தாங்கள் யாரென்று தெரியாது. கால் இருக்கிறது. நேற்று மாதாகோவில் வரை நடந்தேன். நன்றி.' தங்கபாய் அதை இரண்டு தடவை வாசித்து, அரிசி டிரம்முக்குள் வைத்தாள். அன்று மத்தியானமே ஓர் அட்டை வாங்கி, 'கிடைத்தது. செருப்பில்லாமல் நடக்க வேண்டாம்' என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டாள். சங்கையா அதை, அவள் இருந்த அடுப்படியிலிருந்து எட்டடி தள்ளி நாற்காலியில் இருந்த ராஜரத்தினத்திடம் சேர்த்தார்.

ராஜரத்தினம் அட்டையில் இருந்த கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். பதினாறு வருசம் எழுத்து அடித்தவருக்குப் பெண்டாட்டி எழுத்து தெரியாதா? எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அதன்பின் மாதம் ஓர் அட்டை அந்தப் பக்கமும் ஓர் அட்டை இந்தப் பக்கமும் போய்வந்தன. 1996இல் சங்கையா ஓய்வு பெற்றபோது புதிதாக வந்தவரிடம் சாவி, பை, சைக்கிள் இவற்றோடு இந்த விவரத்தையும் ஒப்படைத்தார். புதியவர் ராஜரத்தினத்திடமிருந்து கொண்டுவந்த முதல் அட்டையில் இப்படி இருந்தது: 'தெரியாதவருக்கு, நேற்று மீன்குழம்பில் புளி கொஞ்சம் கூடிவிட்டது. மற்றபடி எல்லாவற்றுக்கும் நன்றி.' ராஜரத்தினத்தின் காலில் காற்று இப்போதும் வீசுகிறது. வத்தல் அரை நாளில் காய்ந்துவிடும்.