முத்தையா கண் எழுதாத கப்பல்

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா வரைஞ்ச கப்பலுக்குக் கண்ணு மட்டும் எழுதிட்டா, செவுத்தையும் பேத்துக்கிட்டுக் கடலுக்குப் போயிடும்ணே!"

ரெங்கராஜ் சொல்லி முடித்ததும் மஸ்கட்டின் ரூவி கேம்ப் ரூமில் எழுந்த சிரிப்பில் இரும்புக் கட்டில்கள் நாலடி நகர்ந்தன. நாகர்கோவில்காரரான போர்மேன் ஜெயசீலனுக்கு டீ மூக்கில் ஏறியது.

"லேய், ஒனக்க தாத்தா படம் வரைஞ்சாரா, சாராயம் காய்ச்சினாரா?"

ரெங்கராஜ் சிரிக்கவில்லை. நாகப்பட்டினத்தில் தோணிகளின் முகப்பில் கண் எழுதிக்கொண்டிருந்த அந்தத் தாத்தா முத்தையா, வெள்ளைக்காரன் காலத்தில் பாய்மரக் கப்பல் ஏறி மஸ்கட் வந்தவர். வியாபாரிகள் வீட்டுச் சுவரெல்லாம் அவர் கைதான். அவர் வரைந்த மாதுளையை நக்கி நக்கியே ஊர் ஆடுகளுக்கு நாக்குத் தேய்ந்தது. அவர் வரைந்த தாடிக்குச் சவரம் செய்ய நாவிதர் கத்தியோடு வந்து நின்றார். பேர் ஏற ஏற, அவரை ஊருக்கு விடத்தான் யாருக்கும் மனமில்லை. ஒரு சுவர் முடிந்தால் அடுத்த சுவர். தலை நரைத்தபின் ஒரு கப்பல் வரைந்தார். "கண் எழுதினால் கடலிறங்கிவிடும். நான் கிளம்பும் அன்றைக்கு எழுதுவேன்" என்று மாலுமி ஒருவரிடம் மனைவி வீரம்மாளுக்குச் சொல்லியனுப்பினார். அதன்பின் சேதியே இல்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே வீரம்மாள் செத்துப்போனாள்.

அந்த விதி அதோடு விடவில்லை. ரெங்கராஜின் தாத்தா ரங்கூனில் மண்ணானார். அப்பா குவைத்தில், மங்காஃபில். கடல் தாண்டிய ஆண் எவனும் அந்த வீட்டுக்கு உயிரோடு திரும்பியதில்லை. ரெங்கராஜின் பாஸ்போர்ட் விசா கொடுத்த முதலாளி கஃபீலிடம். லீவு கேட்டால் "மாஃபி", இல்லை என்று ஒரே பதில். போன மாதம் கீழ்க்கட்டில்காரர் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இவனுக்குக் கண்ணை மூடவே பயம்.

மத்ராவில் இடிக்கப்போகும் பழைய வீடொன்றைக் காலி செய்யும் டூட்டி வந்தது. சுவரை அடைத்து நின்ற அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால், சிவப்புப் பாய் விரித்த கப்பல். அந்த ஊர்க் கப்பல்களுக்குக் கண் எழுதும் வழக்கமில்லை. இதன் முகப்பிலோ கண்ணுக்கென்று விட்ட வெள்ளை வட்டம், கருமணி இல்லாமல்.

ரெங்கராஜ் அந்த வட்டத்தை நோக்கிக் கையை நீட்டினான்.

"தொடாதலே! வீட்டுக்காரம்மா ஷம்சியா வாறா. சொவர்ல கை வச்சா விசா கேன்சல், கலாஸ்!"

"இடிக்கப்போற செவருதானண்ணே!"

"இடிக்கது வேற, கிறுக்குகது வேற."

வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது. இருந்தாலோ அப்பாவின் கதிதான். ஜன்னலுக்கு அடித்த கறுப்புப் பெயிண்ட் டப்பா மூலையில் கிடந்தது. விரலை முக்கி, வட்டத்தின் நடுவில் வைத்துவிட்டான்.

கப்பல் திரும்பிப் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது.

வாசலில் ஷம்சியா. அந்தக் கண்ணையே பார்த்தபடி உடைந்த இந்தியில் சொன்னாள்: குருட்டுக் கப்பல் வீட்டுக்கு ஆகாதென்று பாட்டிதான் அலமாரியால் மறைத்தாளாம். ஜெயசீலனோ அதற்குள் ஆபீசுக்குப் போன் போட்டிருந்தார்.

அந்த வாரமே விசா கேன்சல். ஒற்றைப் பையோடு விமானத்தில் உட்கார்ந்து ரெங்கராஜ் அழுதான். போன வேலைக்கா, மிஞ்சிய உயிருக்கா என்று அவனுக்கே தெரியவில்லை.

வேலை தேடி அலைந்து அவன் வீடு திரும்பிய ஒரு நாள், மனைவி நாகஜோதி போனை நீட்டினாள். மறுமுனையில் ஜெயசீலன். பின்னால் கடலிரைச்சல்.

"லேய், அந்தம்மா சொவர அப்படியே அறுத்து, பலக அடிச்சு, சூர் ஊர்ல இருக்க அவளுக்க வீட்டுக்குக் கொண்டுபோக லாஞ்சு படகுல ஏத்திட்டா லே."

"அப்ப கப்பலுண்ணே?"

ஜெயசீலன் போனைக் கடல் பக்கம் திருப்பினார்போல, இரைச்சல் பெருத்தது.

"அப்ப என்னலே... போச்சு. சொவரோடத்தான் கடல்ல போச்சு. நான் பாத்தேன்."