ஏழாவது பெட்டிக்குத் தண்ணீர்

1947-ல், பிரிவினையின்போது, லாயல்பூர்ப் பக்கமிருந்து கிளம்பிய அகதி ரயில் ஒன்று எந்த ஊருக்கும் போய்ச் சேரவில்லை. ஆனால் மறு வருஷத்திலிருந்து ஆவணி ஏழாம் தேதி மத்தியானம் இரண்டே காலுக்கு அது எல்லைக்கு இந்தப் பக்கம், பஞ்சாபில் இருக்கும் நிக்கி தல்வண்டி நிலையத்துக்கு வந்து, பதினொரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறது. மற்ற ரயில்களுக்குக் காத்திருப்பவர்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். இது ஒரு நாளும் தாமதித்ததில்லை. அறுபத்தைந்தில் சண்டை வந்தபோது எல்லைப் பக்கத்துத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷமும் அதே நேரத்துக்கு வந்தது. ரயில்வேயிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார், அட்டவணையில் இல்லாத வண்டி என்று எழுதிக்கொண்டார், வந்தவர்க்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் உட்கார்ந்து நாலு ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

ரயிலில் இருந்தவர்கள் இறங்குவதில்லை. லங்கர் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ரொட்டிக்கு ஏந்துவதைப் போல இரண்டு கைகளையும் சேர்த்து ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார்கள், அவ்வளவுதான். நிலையத்தை ஒட்டிய குருத்வாராவில் அந்த நாற்பத்தேழில் மூட்டிய லங்கர் அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்து வந்தவரிடம் யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்கும் பழக்கம் அங்கே இல்லை. உயிரோடு இருக்கிறீர்களா என்று இவர்களிடம் மட்டும் எப்படிக் கேட்பது? ரொட்டி போட்டார்கள்.

பசந்த் கௌர் அந்த ரயிலில் வந்தவள். அப்போது இருபத்தாறு வயது. வண்டி வயல்காட்டு நடுவில் நின்றபோது ஆறு வயது மகள் சிந்தோ தாகத்தில் அழுதாள். கிணறுகளில் விஷம் கலந்திருப்பதாகப் பேச்சு இருந்த நாட்கள் அவை. "நான் வர்ற வரைக்கும் யார் குடுத்தாலும் தண்ணி வாங்கிக் குடிக்காதடி" என்று சொல்லிவிட்டு, பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கைப்பம்பை நாலு தடவை அடித்துத் திரும்பிப் பார்த்தபோது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. ஏழாவது பெட்டி, மூன்றாவது ஜன்னல். அவள் ஓடினாள், விழுந்தாள், செம்பு நசுங்கியது. பிறகு ஒன்பது நாள் கூட்டத்தோடு நடந்து எல்லையைத் தாண்டி, முதலில் வந்த ஊரில் நின்றாள். ரயில் வந்தால் இந்த வழியாகத்தானே வர வேண்டும் என்று லங்கரில் ரொட்டி தட்ட உட்கார்ந்தவள் அப்புறம் எங்கும் போகவில்லை.

முதல் வருஷம் ரயில் வந்ததும் எல்லோரும் வாயடைத்து நிற்க, அவள் ரொட்டிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏழாவது பெட்டியைப் பார்த்து ஓடினாள். நீட்டிய கைகளை எல்லாம் தாண்டி ஓடினாள். ஐந்தாவது பெட்டியை எட்டும்போது, தூரத்தில் ஏழாவதின் மூன்றாவது ஜன்னலில் சிந்தோவின் முகம் தெரிந்தது. வந்து நின்ற இரண்டு நிமிஷத்துக்குள் வண்டி கிளம்பிவிட்டது. அன்று யாரும் சாப்பிடவில்லை. அத்தனை கைகளும் ஒரு வருஷம் வெறுமனே இருக்கும்படி ஆனது தன்னால்தான் என்று அவள் மூன்று நாள் தண்ணீரைத் தொடவில்லை. மறு வருஷம் இரண்டு முனையிலிருந்தும் பரிமாறத் தயாராக நின்றார்கள். அப்போது ரயில் நிற்கவே இல்லை. குருத்வாராவில் கிரந்தம் வாசிக்கும் கியானி சொன்னார்: "பந்தின்னா ஒரே வரிசைதான். முதல் கையிலேர்ந்து தொடங்கணும். ஒரு கையைக்கூடத் தாண்டக் கூடாது."

அதன்பின் நிக்கி தல்வண்டியின் வேலையெல்லாம் வேகத்தைப் பற்றியதாக இருந்தது. அடுப்புகளை நடைமேடைக்குக் கொண்டுவந்தார்கள். கூடையை ஒருவர் சுமக்க, தண்ணீர்க்காரர் பின்னால் வர, காலியான கூடைக்குப் பதில் நிறைந்தது கைமாற, ஊரே வரிசையாக நின்று பழகியது. ஐம்பத்து மூன்றில் இரண்டாவது பெட்டியை முடித்தார்கள். அறுபத்தெட்டில் நாலாவது. எழுபத்தைந்தில் ஆறாவது பெட்டியின் பாதி. கூடை எப்போதும் பசந்திடம்தான். மாவு பிசையும் மெஹங்கா சிங் வருஷம் முழுக்க அவளைச் சீண்டுவான்.

"அக்கா, இது ரொட்டியா, உழுத வயலா? இத்தனை மேடு பள்ளம்!"

"திங்கறவங்க ஒண்ணும் சொல்லல. பிசையறவனுக்கு எதுக்குடா இவ்வளவு வாய்?"

எழுபத்தெட்டில் அவளுடைய முழங்கால் வீங்கியது. அந்த வருஷம் ஐந்தாவது பெட்டியோடு சரி. அடுத்த வருஷம் அதுவும் முடியவில்லை. யார் சொல்வது? முப்பது வருஷமாகச் சுமந்தவளிடம், நீ சுமக்கிறவரை உன் பிள்ளையிடம் போய்ச் சேர மாட்டோம் என்று எந்த நாக்கு சொல்லும்? எண்பத்தொன்றில், ரயில் வருவதற்குக் கால் மணி முன்பு, அவளே கூடையை மெஹங்காவின் மருமகள் ஜீத்தோவின் இடுப்பில் ஏற்றிவைத்தாள்.

"நான் பின்னால தண்ணியோட வரேன். நீ ஓடு. ஆனா யாரையும் விட்றாத."

ஜீத்தோ ஓடினாள். மற்ற தண்ணீர்க்காரர்கள் வாளியும் குவளையும் வைத்திருக்க, பசந்த் தன் நசுங்கிய செம்பை நிரப்பிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். ஒன்பதாவது நிமிஷம் ஏழாவது பெட்டி தொடங்கியது. மூன்றாவது ஜன்னலில் இரண்டு சின்னக் கைகள். ஜீத்தோ ரொட்டியை வைத்துவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டாள், அழுதுகொண்டே. சிந்தோ ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது. பசந்த் செம்பை நீட்டினாள்.

"வேணாம் பாட்டி. எங்கம்மா தண்ணி கொண்டாரப் போயிருக்கா."

"சிந்தோ, நான்தான்டி அம்மா."

பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்தது. வெள்ளைத் தலை, சுருங்கிய கை. "எங்கம்மாவுக்கு முடி கறுப்பு" என்று சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டது. முப்பத்து நாலு வருஷமாகத் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறது, அம்மா சொன்ன சொல்லைத் தட்டாமல். இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. நான்தான், நான்தான் என்று அதையும் கழித்துவிடலாம். அவள் செம்பைத் திருப்பி நசுங்காத பக்கத்தைக் காட்டினாள்.

"சும்மா சொன்னேன் கண்ணு. உங்கம்மாதான் குடுத்தனுப்பினா. இது உங்க வீட்டுச் செம்புதானே, பாரு."

சிந்தோ விரலால் செம்பின் விளிம்பைத் தடவினாள். அதில் அவள் பல்லால் கடித்த தடம் ஒன்று இருந்தது. பிறகு இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் குடித்தாள்.

"அம்மா எங்க?"

"செருப்பு வார் அறுந்துபோச்சு. வந்துருவா."

ரயில் கிளம்பியது. பசந்த் திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து, "குடிச்சிட்டா" என்று மட்டும் சொன்னாள். அன்று மெஹங்கா சிங் யாரையும் சீண்டவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் தேவைப்பட்டது. ஆறு வயதுப் பிள்ளை எதையும் நம்பும், ஆனால் சொன்னதையே சொன்னால் நம்பாது. மாவு பிசையும்போதும் பூண்டு உரிக்கும்போதும் ஊரே யோசித்தது. பம்பில் தண்ணீர் வரவில்லை. வழியில் ஒரு கிழவரைக் கைப்பிடித்துக் கூட்டி வருகிறாள். மெஹங்கா ஒரு வருஷம் சொன்னான்: "லங்கர்ல பாத்திரம் கழுவுறாள்னு சொல்லுக்கா. பொய்யும் இல்ல பாரு."

தொண்ணூற்றொன்றில், தை மாதக் குளிரில், பசந்த் கௌர் இறந்தாள். ஆவணியில் செம்பை ஜீத்தோ எடுத்துக்கொண்டாள். கூடை வேறொருத்தியிடம் போனது. வெயில் அதிகம், தலை சுற்றி நிழலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்வதாக ஏற்பாடு. ஜீத்தோ அதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனாள். மூன்றாவது ஜன்னலில் சிந்தோ ரொட்டியை வாங்கினாள், தண்ணீரைக் குடித்தாள், அம்மா எங்கே என்று கேட்கவில்லை. மறுபடி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"எங்கம்மாவுக்கும் ஒண்ணு" என்றாள்.

ஜீத்தோ அடுப்படிக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். அடுத்த வருஷத்திலிருந்து மெஹங்கா சிங் ஒரு உருண்டை மாவு கூடுதலாகப் பிடித்தான்.