முத்துகிருஷ்ணன் பெண் பார்த்த கதை

முத்துகிருஷ்ணன் சித்தப்பாவோடு கே.கே. நகர் போய் மதுமதியைப் பெண் பார்த்துவிட்டு வந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் ஊரிலிருந்து அக்கா ஸ்வர்ணலதாவின் போன் வந்துவிட்டது.

"பொண்ணு எப்படில இருக்கா?"

"அரக்குப் பட்டு உடுத்தியிருந்தா. மாம்பழக் கலர் கரை. அவ அம்மாவோட கல்யாணப் புடவையா இருக்கும். முந்தியில ஒரு கிழிசல், தைச்சதே தெரியாம தைச்சிருக்கு."

"புடவையையா கேட்டேன்? மூஞ்சி எப்படி இருக்கு?"

மூஞ்சியைப் பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு?

அவனைத் திட்டியும் பயனில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு திசையன்விளையிலிருந்து பஸ் ஏறி தி. நகர் ஜவுளிக்கடைக்கு வந்தவன். முதலில் கலைந்த துணியை மடித்தான், பிறகு சுடிதார் பிரிவு, இப்போது பட்டு. பெண்கள் வந்து போகிற இடம், கண் துணியில்தான் இருக்க வேண்டும் என்று சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சொன்னார். மற்ற பையன்கள் அதை ஒரே வாரத்தில் மறந்தார்கள். இந்த மகராசன் மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். புடவையைத் தன் தோளிலேயே போட்டு, இடுப்பில் கொசுவம் வைத்துக் காட்டுவான். நிறம் எடுக்குமா என்று கேட்டால் கையைப் பார்த்துச் சொல்வான். எடுக்காததை எடுக்கும் என்று மட்டும் சொல்லமாட்டான். அதற்காக முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அப்படிப்பட்டவன் பார்க்காத பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வான்? ஆனால் மனசு அந்தத் தையலிலேயே கிடந்தது. அவ்வளவு பொறுமையான கைக்காரி தன் வீட்டில் இருக்கக்கூடாதா என்று ஏங்கினான். இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று கேட்பதோ பெண் வீட்டாருக்கு மரியாதைக் குறைவு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே பெண்ணின் அம்மா, "பையன் தலையே நிமிரல, பிடிக்கல போல" என்று முடிவே கட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் கடையில் கூட்டம் குறைந்த நேரம். சுடிதார் போட்ட ஒரு பெண் வந்து நின்றாள்.

"வாங்க மேடம். கல்யாணத்துக்கா, நிச்சயதார்த்தத்துக்கா?" என்றான், அடுக்கைப் பார்த்தபடியே.

"அது இன்னும் தெரியல. இதே கலர்ல ஒண்ணு காட்டுங்க."

பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அரக்குப் பட்டு, மாம்பழக் கலர் கரை. முத்துகிருஷ்ணனின் கை தானாக முந்தியைத் தேடி, தைத்த இடத்தில் போய் நின்றது.

"இத யார் தைச்சது?" என்றான்.

"நான்தான். அன்னிக்கு இதையே பாத்துட்டிருந்தீங்க. அதான் எடுத்துட்டு வந்தேன்" என்றாள் மதுமதி. "எங்கம்மா உங்களுக்குப் பிடிக்கலன்னு சொல்றாங்க. நிஜமா?"

முத்துகிருஷ்ணன் நிமிர்ந்தான். கடைக்குள் ஒரு பெண்ணின் முகத்தை அவன் நேராகப் பார்த்தது அன்றுதான். வெயிலில் வந்த முகம். நெற்றியில் வியர்வை, கண்ணில் கொஞ்சம் பயம், கொஞ்சம் கோபம். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் இருந்தோமே என்று அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"பிடிச்சிருக்கு" என்றான்.

"புடவையா?"

"புடவை அன்னிக்கே பிடிச்சுப்போச்சு."