நானூற்றுப் பன்னிரண்டு பேர்

கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கிய சாலம்மாள், கள்ளக்குறிச்சியில் சுபைரின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு சர்க்காரு ஆளுங்க நெலத்த அளக்க வராங்க தம்பி. பரம்பரையா நாங்கதான் உழுவுறோம்னு எழுத்துல காட்டணுமாம். வூட்டுக்காரரு உங்கிட்ட சொல்லி ஏத்துனாரே, அத எடுத்துக் குடு. அது இல்லன்னா நெலம் போச்சு."

மலை விவசாயிகள் சங்கத்துக்காக நானூற்றுப் பன்னிரண்டு பேர் தங்கள் நிலத்தின் கதையைச் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதி, அதைத் தன் கடை சர்வரில் ஏற்றிவைத்தவன் சுபைர். "நோட்டெல்லாம் இன்னாத்துக்குங்க, கரையான் தின்னவா?" என்று சங்கத்தில் அன்று மார்தட்டியவனும் அவனேதான். அவன் பேச்சை நம்பி நோட்டுகளை அடுப்பில் போட்டார்கள், பாவிகள். சாலம்மாளின் கணவர் சின்னப்பையன் தை மாதம் போய்ச் சேர்ந்தார். காட்டைத் திருத்தியது யார், எந்தக் காலத்தில் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவள் வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்.

சுபைர் 'சின்னப்பையன்' என்று தமிழில் அடித்தான். இல்லை என்றது. முழுப் பட்டியலையும் திறந்தான். பேர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி. ஊரும் கேள்விக்குறி, சொன்ன கதையும் கேள்விக்குறி. ஏக்கர் கணக்கு மட்டும் அப்படியே இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை சர்வர் மென்பொருளைப் புதுப்பித்திருந்தான். தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ் எட்டாம் பதிப்பாவது வேண்டும் என்று அதனுடன் வந்த குறிப்பில் முதல் வரி. அதைப் படித்து, புதியதைப் போட்டு, தகவலை அதற்கு மாற்றிவிட்டுப் பழையதை அழித்தான். தமிழ் எழுத்துகளை முன்னாடியே புது வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்ன இரண்டாவது வரியை யார் படித்தார்கள்? எல்லாம் தெரிந்த மேதாவியாயிற்றே! சோதிக்க ஒரு பேரை அடித்தான். அது சரியாக வந்தது. ஜோராக ஷட்டரை இழுத்துவிட்டுப் போனான். மறுநாள் வெள்ளிக்கிழமை அவன் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், வாராவாரம் தானாக ஓடும் பேக்கப் ஓடி, மிச்சமிருந்த ஒரே நல்ல நகலின் மேல் இந்தக் குப்பையை எழுதிவிட்டது. அதற்குப் பிறகு நாலு வெள்ளி போய்விட்டது. ஒரு நாளாவது திறந்து பார்த்திருக்கக் கூடாதா?

"கெடைச்சுதா தம்பி?"

கரண்ட் இல்லை, நெட் இல்லை என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் நாளைக்கு அவள் வெறுங்கையோடு கொல்லை நிலத்தில் நிற்பாளே.

"போச்சும்மா. எல்லாம் போச்சு. எம்மேலதான் தப்பு. நாந்தான் சரியா பாக்கல."

அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை. எழுந்து வந்து கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் அவளுக்குத் தமிழ் தெரியும்.

"அவரு வாயால சொன்னதுப்பா. ரெண்டு நாளு குந்திக்கினு சொன்னாரே."

"ஆமாம்மா."

"மலையில ஒருத்தர் பேருகூடவா இல்ல?"

சுபைர் இல்லையென்று தலையசைத்தான். சாலம்மாள் பட்டியலின் கடைசி வரியில் விரலை வைத்தாள். அது மட்டும் இங்கிலீஷில் இருந்ததால் கெடாமல் இருந்தது.

"இது ஒண்ணு நல்லாத் தெரியுதே. இது யாரு பேரு?"

சோதித்துப் பார்க்க அன்று அவன் அடித்த பேர் அது. அழிக்க மறந்திருந்தான்.

"எம் பேரும்மா" என்றான்.