சந்தனத்தில் முளைத்த கட்டி

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெரிய காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் மணமேடையில் அன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து பதினாறு ஒயர்கள் கிளம்பின. 'மூளைக் கோளாறு கண்டறியும் இலவச முகாம்' என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள்.

திருத்தணியில் மொட்டை போட்டுவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்த கண்ணாயிரம் நாற்காலியில் இருந்தார். முப்பது வருடமாகத் தறிக்காரர். அவர் தலையைச் சுற்றி ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தாள் ஸிந்துஜா.

"எனக்கு ஒரு நோவும் கெடையாதுமா. சும்மா பாக்கறாங்கன்னாங்க, வந்தேன்," என்றார் அவர்.

ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் சம்பத்குமாரிடம் ஆராய்ச்சி செய்யும் பெண் ஸிந்துஜா. இயந்திரம் அவருடையது. தலையில் துளி மின்சாரம் செலுத்தி, அது எங்கே எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்து, அதைப் படமாக வரையும். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வெள்ளரித் துண்டைப் போட்டால் அழகாகக் காட்டும். மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே இருப்பதைக் காட்டுமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. பேனர் மட்டும் எல்லாம் தெரிந்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாயிரத்தின் படம் திரையில் வந்தது. இடது பக்கம் கறுப்பாக ஒரு திட்டு. அன்று காலையிலிருந்து அது பதினோராவது திட்டு. முடி உள்ள ஒரு தலையிலும் திட்டு இல்லை. பதினொன்றும் மொட்டைத் தலைகள். ஸிந்துஜாவுக்குத் திக்கென்றது. அவசரத்தில் மொட்டைகளின் சந்தனத்தைத் துடைக்காமல் அதன் மேலேயே பசையைத் தடவி ஒயரை ஒட்டியிருந்தாள். காய்ந்துபோன சந்தனம் மின்சாரத்தைத் தடுக்க, அந்தத் தடையை இயந்திரம் மூளைக்குள் இருப்பதாக வரைந்து வைத்திருந்தது.

அவள் ஓடிப்போய் பேராசிரியரிடம் சொன்னாள். "சார், இது சந்தனம். நான்தான் துடைக்காம ஒட்டிட்டேன். தலையை அலம்பிட்டு எல்லாருக்கும் திரும்ப எடுத்துடலாம்."

சம்பத்குமார் வடையைக் கடித்தபடி வந்து திரையைப் பார்த்தார். எண்ணெய் விரலை அந்தத் திட்டின் மேலேயே வைத்தார். "பதினொண்ணையும் அப்நார்மல்னு போடு. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லேன்னா என் கட்டுரையை எவன் போடுவான்? அடுத்த மாசம் கான்பரன்ஸ்."

"பாவம் சார், பயந்துடுவா."

"தறிக்காராளுக்கு என்ன தெரியப்போறது?" என்றவர், கண்ணாயிரம் பக்கம் திரும்பி, மழை வரும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: "மூளையில ஏதோ கட்டி மாதிரி தெரியறது. ஜாக்கிரதையா இருங்கோ." மற்றப் பத்து மொட்டைகளுக்கும் அதையே சொல்லி அனுப்பினார்.

ஸிந்துஜா வாயைத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொள்ள எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். அவளுக்குக் கிடைத்த காரணம் பிஎச்.டி. பட்டம்; அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் வடையைத் தின்று முடித்து விரலைச் சூப்பிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் கண்ணாயிரத்தைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவர் மனைவி லோகாம்பாள் கல்லூரிக்கு வந்தாள். மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

"தறிக்குழில எறங்க மாட்டேன்றாருமா," என்றாள் லோகாம்பாள். "அங்கியே வலிப்பு வந்து செத்துடுவேன்னு பயந்துக்கினு படுத்தே கெடக்கறாரு. சோறு எறங்கல. பாதி நெய்ஞ்ச பொடவையோட தறி அப்டியே நிக்குது. அந்தக் கட்டி எவ்ளோ பெருசுமா? சொல்லிட்டியானா மனசத் தேத்திக்குவோம்."

உள்ளே பேராசிரியரின் திரையில் கண்ணாயிரத்தின் படம்தான் இருந்தது. திட்டின் மேல் சிவப்பு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்த சம்பத்குமார் எட்டிப் பார்த்தார்.

"அதே ஆளா? ரொம்ப நல்லதாப் போச்சு. இன்னொரு படம் எடு ஸிந்துஜா, கட்டி வளர்ந்திருக்கான்னு பாக்கலாம்."

அந்த முகத்தில் கூச்சம் என்பது மருந்துக்குக்கூட இல்லை. இந்த மனிதருக்குக் கீழே எத்தனை வருடம் கைகட்டி நின்றோம் என்று நினைத்தபோது ஸிந்துஜாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கண்ணாயிரத்தைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்புப் போட்டுத் தலையை அலம்பித் துடைத்து, படம் எடுத்தாள். திட்டு இல்லை.

"போயிடுச்சாமா?" என்றார் கண்ணாயிரம், நம்பாமல்.

"இருந்ததே இல்லைங்க. அன்னிக்கு நான் சந்தனத்தைத் துடைக்காம ஒட்டிட்டேன். அந்தத் திட்டு சந்தனம்தான்."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அதுவும் பொய்தான் என்று விழுங்கிக்கொண்டாள். "அதைச் சொல்லவும் இந்த மெஷினுக்குத் தெரியாதுங்க. நல்லா இருந்த உங்களை நாங்கதான் படுக்க வெச்சோம். சந்தேகமா இருந்தா பெரியாஸ்பத்திரி டாக்டர்கிட்ட நானே கூட வரேன்."

கண்ணாயிரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். சம்பத்குமார் வாசற்படியில் நின்று, "ஆராய்ச்சின்னா இதெல்லாம் சகஜம்மா," என்றார். லோகாம்பாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தாளை வுடு. இது உனுக்கு அன்னிக்கே தெரியுமா?" என்று ஸிந்துஜாவைக் கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே பன்னெண்டு நாளு சோறு துன்னியா?"

லோகாம்பாள் புருஷனை எழுப்பி நடத்திக்கொண்டு போனாள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் ஸிந்துஜா மேஜையிலிருந்த முகாம் பட்டியலை எடுத்து மடித்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றார் சம்பத்குமார். "என் கையெழுத்து இல்லாம உனக்குப் பட்டம் கிடையாது, ஞாபகம் வெச்சுக்கோ."

"இன்னும் பத்து வீடு இருக்கு சார், போய்ச் சொல்லணும். தெரியாததைத் தெரியும்னு சொல்லி நீங்க அவாளை ஏமாத்தினேள். தெரிஞ்சதைச் சொல்லாம நானும் ஏமாத்தினேன். ரெண்டும் ஒரே அயோக்கியத்தனம்தான். அதுக்குப் பட்டம் வேற எதுக்கு?"