கலியன் நின்ற இடம்

காலை ஷிஃப்டுக்குக் கிரேன் கேபினில் ஏறி உட்கார்ந்ததும் அன்புராஜின் கண்ணில் முதலில் படுகிறவன் கலியன்தான். கலியன் செத்து நாலு மாதமாகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக்கம்பி உருட்டுகிற ஒரு ரோலிங் மில். மேலே கிரேன் ஓட்டுகிறவன் அன்புராஜ். கீழே நின்று கையால் சைகை காட்டியவன் கலியன், பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்துக்காரன். வாய் ஓயாது. "இன்னா நைனா, மேல ஏறிக்கினா சாமி ஆயிடுவியா? கீழ ஒரு மன்சன் கீறது கண்ணுக்குத் தெர்தா?" என்று தினமும் கத்துவான். சைகையைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு அன்புராஜ் ஒரு தடவை மணியடிப்பான்.

அன்று நல்ல மழை. கம்பிக்கட்டு கிடந்த இடத்திலிருந்து தூக்கச் சொல்லிச் சைகை வந்தது. மணியடித்தான். கம்பிக்கட்டு எழும்பி நகர்ந்தது. நாலாவது தூணருகே லேசாக ஆடியது. ஆட்டம் நின்றபோது கலியன் கட்டு இடித்துத் தூணுக்குப் பின்னால் விழுந்து கிடந்தான்.

விசாரித்தவர்கள், ஓட்டியவன்மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஆலை ஓட வேண்டுமே, வேறென்ன எழுதுவார்கள் என்றுதான் அன்புராஜுக்குத் தோன்றியது. கண்ணிருந்தும் பார்க்காமல் கொன்றுவிட்டோம் என்ற நினைப்பு அவனைத் தின்றது. அந்தத் தூண் பக்கம் போவதையே விட்டான்; கேன்டீனுக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போனான்.

அவன் போகாவிட்டால் என்ன, கலியன் அதே தூணருகே வந்தான். கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, நிறுத்து என்று காட்டியபடி நின்றான். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். அதுதான் விளங்கவில்லை. விழுந்த அன்று கலியனின் சட்டை காய்ந்திருந்தது. இறங்கி ஓடிப்போய் அவனைத் தூக்கியவன் இவன்தானே, தெரியாதா?

"பேஜாரா கீதுன்னா உட்டுட்டு வந்துடுய்யா" என்றாள் மனைவி சுமலதா. ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு வந்தான். வெளியே மழை பிடித்திருந்தது. கேபினில் ஏறப் போனவனைப் புதிதாகச் சேர்ந்த சைகைக்காரன் பார்த்திபன் மறித்தான்.

"எங்க நின்னா உங்களுக்குத் தெரியும்ணா? வந்து காட்டிட்டுப் போங்க."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாலாவது தூண்வரை போனான். கூரையில் ரொம்ப நாளாகவே ஒரு தகடு விட்டுப்போய், தூணுக்கு முன்னால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க ஒழுவுதுண்ணா. இப்டி வந்து நின்னுக்கறேன்" என்று பார்த்திபன் மூன்றடி பின்னால் போய்த் தூணுக்கு மறைவில் நின்றான்.

கலியன் விழுந்து கிடந்த அதே இடம். அன்புராஜ் பாய்ந்து போய்ப் பார்த்திபன் கையைப் பிடித்து இழுத்தான். இழுத்தவன் அதே இடத்தில் நின்று மேலே பார்த்தான். தூண் தெரிந்தது, உத்தரம் தெரிந்தது. கேபின் தெரியவில்லை. எட்டிப் பார்த்தான், குனிந்தும் பார்த்தான். தெரியவே இல்லை.

இங்கிருந்து கேபின் தெரியாதென்றால், கேபினிலிருந்து இந்த இடமும் தெரியாது. அப்படியானால் தினமும் தெரிகிற கலியன்?

மூன்றடி முன்னால், ஒழுகுகிற தண்ணீருக்கு அடியில் நிற்கிறான். வஞ்சம் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. அன்றைக்கு நனையாமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியவன், இப்போது நனைந்தாலும் சரி, நைனாவின் கண்ணில் படுகிற இடத்தில் நிற்போம் என்று நிற்கிறான். அன்புராஜ் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

அழுது முடித்து எழுந்து, "நனைஞ்சாலும் பரவால்ல பார்த்திபா, முன்னாலதான் நிக்கணும்" என்றான். கடிதம் பையிலேயே இருக்க, ஏணியில் ஏறினான்.

கேபினில் உட்கார்ந்து கீழே பார்த்தான். கலியன் இருந்தான். பயம் போய்விடவில்லை. ஆனாலும் இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. விரித்த உள்ளங்கையை நன்றாகப் பார்த்துவிட்டு, ஒரு தடவை மணியடித்தான்.

"நான் இன்னும் சைகையே காட்லியேண்ணா!" என்று பார்த்திபன் கீழேயிருந்து கத்தினான்.

கீழே இரண்டு பேர் நனைந்துகொண்டு நின்றார்கள்.