மேடேறாத கோடு

கணவனின் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை போட்டுவிட்டுத்தான் அவள் தினமும் வேலைக்குக் கிளம்புவாள். அட்டைப்பெட்டித் தொழிற்சாலை இயந்திரம் அவன் வலது கையை நசுக்கியதிலிருந்து இதுதான் வழக்கம்.

"பனியனோட இருந்துக்கிறேனே, உனக்கு நேரமாச்சு."

"சும்மா நில்லுங்க" என்று அதட்டுவாள்.

அவன் இழப்பீடு கேட்டபோது மருத்துவமனையில் கைப்பிடியின் பலத்தைச் சோதித்தார்கள். கருவியின் பிடியை ஐந்து அளவுகளில் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றையும் முழுப் பலத்தோடு அழுத்தச் சொல்வார்கள். நடு அளவுகளில் பலம் கூடும், ஓரங்களில் குறையும். வரைந்து பார்த்தால் கோடு மேடாக ஏறி இறங்க வேண்டும். வேண்டுமென்றே கையைத் தளர்த்துகிறவனுக்குத் தட்டையாக வருமாம். அவனுக்குத் தட்டையாகத்தான் வந்தது. உடன் வந்திருந்த தொழிற்சாலை மேனேஜர், "பாத்தீங்களா சார், சுத்த நடிப்பு!" என்று சிரித்தார். இழப்பீடும் போயிற்று, வேலையும் போயிற்று. 'நடிகர்' என்ற பட்டப்பெயர் மட்டும் மிஞ்சியது.

பிறகு அவள் அதே சோதனை செய்யும் வேலையைப் படித்துத் தேறினாள். பிழைப்புக்காகத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த மேனேஜர் ஒருநாள் என் கையில் சிக்காமலா போவான் என்ற கறுவலும் அதில் இருந்தது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

இன்று சிக்கினார். கார் கதவில் வலது கை நசுங்கிவிட்டதாம், காப்பீட்டுக்குச் சான்று வேண்டுமாம். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முழுக்கைச் சட்டையின் பொத்தானை இடது கையால் கழற்றி, சுருட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"முழு பலத்தையும் போட்டு அழுத்துங்க."

அழுத்தினார். முகம் கோணிப்போயிற்று. "போதுங்களா மேடம்?"

"இன்னும்."

மூடி மறைப்பானேன், அவளுக்கு அது இனித்தது. ஐந்து அளவுகளும் முடிந்தபோது அவர் நெற்றியெல்லாம் வியர்வை. திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது.

அவள் பொய் எழுதவே தேவையில்லை. 'முழு முயற்சி இல்லை' என்று சோதனை விதியே சொல்லிவிடும். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனாவைத் திறந்தாள்.

அவர் கட்டைவிரலடியில் வீங்கிச் சிவந்திருந்தது. எந்த அளவில் வைத்தாலும் வலி தொடங்கிய இடத்திலேயே அந்தக் கை நின்றுவிட்டதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் கணவனின் கையும் அப்படித்தான் நின்றது. இவர் நடித்தார் என்று எழுதினால் அவனும் நடித்தான் என்று அவளே கையெழுத்துப் போட்டதாகும். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானா?

'உண்மையான வலியால் பிடி தடைப்படுகிறது' என்று எழுதி, காகிதத்தை அவர் முன் போட்டாள்.

"ரொம்ப நன்றிம்மா."

"நன்றியை நீங்களே வச்சுக்குங்க. உங்க பேக்டரியில மெஷின்ல கைய குடுத்தாரே, 'சுத்த நடிப்பு'ன்னு சிரிச்சீங்களே, அவர் என் வீட்டுக்காரர். அவருக்கும் இதே கோடுதான் வந்துச்சு."

காகிதத்தை எடுக்க நீட்டிய கையை மேனேஜர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உங்க மேல இரக்கப்பட்டு எழுதலை சார். நீங்க நாசமாப் போகணும்னுதான் இன்னிக்கும் நினைக்கிறேன். ஆனா உங்களைப் பொய்யன்னு எழுதினா அவரையும் பொய்யன்னு எழுதின மாதிரி. அது மட்டும் என்னால முடியாது. இந்தக் கருவி பிடியைத்தான் அளக்கும். ஒருத்தன் யோக்கியனா இல்லையான்னு அளக்காது. அதை வச்சு இனி எவன் வயித்துலயும் அடிக்காதீங்க."

அவர் தலைகுனிந்து எழுந்தார். சுருட்டிய கையை இறக்கிவிட்டு, பொத்தானைப் போட முயன்றார். ஒற்றை இடது கையில் பொத்தான் நழுவியது. மீண்டும் முயன்றார். உதவி கேட்பதுபோல அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"வீட்டுக்குப் போய்ப் போட்டுவிடச் சொல்லுங்க சார். எங்க வீட்டுல நான்தான் போட்டுவிடறேன்."